எரித்தவனும் எரிக்க மறுத்தவனும்

புத்தகம் எரிகிறது ஒரு நாட்டில். தூதரகம் எரிகிறது மற்றொரு நாட்டில். முதல் தீயை மூட்டியவன் ஒருவன். இரண்டாம் தீயை மூட்டியது ஒரு பெருங்கூட்டம். இவ்விரு தீக்கும் நடுவே அகப்பட்டுக் கருகுவது எது? கருத்துரிமை!

2023 ஜூன் 28, பக்ரீத் திருநாள். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், பள்ளிவாசல் ஒன்றின் முன்னே, ஈராக்கிலிருந்து அடைக்கலம் தேடி வந்த சல்வான் மோமிகா என்பவர் குர்ஆன் பக்கங்களைக் கிழித்தார், கொளுத்தினார். அந்நூலையே தடை செய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பேச்சுரிமையின் தோளில் ஏறி நின்று, நூலுக்குத் தடை கேட்டார் அவர்! ஜூலை 20 அன்று பாக்தாதிலிருந்த ஸ்வீடன் தூதரகத்துள் கூட்டம் புகுந்தது, தீ வைத்தது. ஈராக் அரசு ஸ்வீடன் தூதரை வெளியேற்றியது.

"அனுமதி தந்தது ஸ்வீடன், ஆகவே அவமதித்ததும் ஸ்வீடனே" என்றனர். அப்படியா? 1766-லேயே அச்சுரிமைக்குச் சட்டம் கண்ட நாடு அது. 2023 பிப்ரவரியில் இத்தகைய கூட்டங்களுக்குக் காவல்துறை தடை விதித்தது. ஏப்ரலில் நீதிமன்றம் அத்தடையைத் தகர்த்தது. ஆள்வோர் வெறுப்பதையும் குடிமகன் பேசலாம் என்பதே அதன் பொருள். அனுமதி வேறு, ஆமோதிப்பு வேறு. ஒருவன் செயலுக்கு ஒரு நாட்டையே கூண்டில் ஏற்றுவது, ஒருவன் குற்றத்துக்கு அவன் சாதியையே பழிக்கும் பழம்புத்தியின் மறுபதிப்பு அல்லவா?

"எரிந்தது மதநூல்தானே, நமக்கென்ன?" என்று பகுத்தறிவாளர் வாளாவிருத்தல் ஆகாது. நம் வரலாற்றிலும் நெருப்பு உண்டு. 1927-இல் மகாட் நகரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிந்தது. 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தார். அவை தம்மை அழுத்திய ஆதிக்கத்தை நோக்கி, அதன் முகத்துக்கு நேரே எழுந்த கேள்விகள். நீண்ட வாதத்தின் முடிவில் வைத்த முற்றுப்புள்ளிகள். ஸ்டாக்ஹோமிலோ, திருநாள் தொழுகைக்கு வந்த எளிய மக்களின் வாசலில் எரிந்தது நெருப்பு. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் தோழர்களே, ஒன்றல்ல என்று சொல்ல வேண்டியது நம் அறிவு, சட்டம் அன்று. "இது தக்க விமர்சனம், அது தகாத விமர்சனம்" என்று அளக்கும் கோலை அரசின் கையில் கொடுத்தால், அந்தக் கோல் முதலில் யார் முதுகில் விழும்? ஆதிக்கத்தை எதிர்ப்பவன் முதுகில்தான்! டென்மார்க் 2023 டிசம்பரில் மதநூல்களை இழிவாக நடத்துவதற்குத் தடை விதித்தது. ஆதரவு 94 வாக்கு, எதிர்ப்பு 77. அமைதியை விலைக்கு வாங்கினார்கள்; விலையோ, நாளைய சீர்திருத்தக்காரனின் உரிமை.

அப்படியானால் புண்பட்டவன் வாய்மூடிக் கிடப்பதா? இல்லை. அவனுக்கும் வழியுண்டு என்று காட்டினார் ஒருவர்.

தூதரகம் எரிவதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 15. சிரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்வீடன் முஸ்லிம் ஒருவர், ஸ்டாக்ஹோமில் இஸ்ரேல் தூதரகத்தின் முன் தோராவையும் பைபிளையும் எரிக்க அனுமதி பெற்றிருந்தார். இஸ்ரேல் கண்டித்தது, யூத மக்கள் கலங்கினர். வந்தார், கையிலிருந்த லைட்டரைத் தரையில் எறிந்தார். தாம் முஸ்லிம் என்றும், நூல்களை எரிப்பது தம் வழக்கமன்று என்றும் கூறினார். பேச்சுரிமைக்கு எல்லை வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன முறைக்குத் தலை வணங்குகிறேன். ஒரு தாளும் கருகவில்லை. ஓர் உயிரும் நடுங்கவில்லை. உலகமோ உற்றுக் கேட்டது!

சீண்டுகிறவன் பாதிச் செயலைத்தான் செய்கிறான். மீதியை நம் சினம் செய்து முடிக்கிறது. பாக்தாதில் தீ வைத்தவர்கள் மோமிகாவை வெல்லவில்லை. அவருக்கு விளம்பரம் தந்தார்கள். 2025 ஜனவரி 29 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மீதான வழக்கில் மறுநாள் தீர்ப்பு வர இருந்தது. நீதிபதியின் பேனாவை முந்திக்கொண்டது துப்பாக்கி. கொன்றவர்கள் எந்தக் கேள்விக்கு விடை சொன்னார்கள்?

ஏசுவோர் நாளை நம்மையும் ஏசுவர். நம் தலைவர்களின் படங்களையும் எரிப்பர். அன்று நம் கை கல்லைத் தேடுமா, சொல்லைத் தேடுமா? தாள் எரிந்தால் மீண்டும் அச்சிடலாம். மனிதன் எரிந்தால் எந்த அச்சகத்தில் அச்சிடுவது?