ஒன்பது பேர் அறிந்த ரகசியம்

1962 அக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானம் அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் உயிரிழந்தார். அன்றிரவு வாஷிங்டனில், நீதித்துறைக் கட்டடத்தில் இருந்த தன் அறைக்கு சோவியத் தூதர் அனதோலி டோப்ரினினை வரவழைத்தார் ராபர்ட் கென்னடி. அட்டர்னி ஜெனரல் என்பதைவிட ஜனாதிபதியின் தம்பி என்பதே அந்தச் சந்திப்பில் அவருக்கு எடையைத் தந்தது. அவர் கொண்டுவந்த செய்திக்கு இரண்டு பகுதிகள். சோவியத் ஏவுகணைகள் கியூபாவை விட்டு வெளியேறினால் அமெரிக்கா அந்தத் தீவின் மீது படையெடுக்காது என்பது முதல் பகுதி. அதை ஊரறியச் சொல்லலாம். துருக்கியில் சோவியத் ஒன்றியத்தை நோக்கி நிற்கும் 15 ஜூபிட்டர் ஏவுகணைகள் நான்கைந்து மாதங்களில் அகற்றப்படும் என்பது இரண்டாம் பகுதி. அது வெளியே கசிந்தால் வாக்குறுதியே இல்லாமல் போகும்.

மறுநாள் மாஸ்கோ வானொலியில் சோவியத் தலைவர் குருஷ்சேவின் சம்மதம் வந்தது. போர் விலகியது. அமெரிக்க மக்கள் முதல் பகுதியை மட்டுமே அறிந்தார்கள். இளம் ஜனாதிபதி அசையாமல் நின்றார், எதிரி பின்வாங்கினான் என்ற கதை அன்றே உருவாகிவிட்டது. இரண்டாம் பகுதியை அதில் பங்குகொண்டவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1982-இல்.

பெரும் அழிவைத் தடுக்கத் தலைவர் ஒருவர் செய்த விட்டுக்கொடுத்தலை, அவரும் அவரைச் சுற்றியிருந்த சிலரும் சொந்த மக்களிடமிருந்து மறைக்கலாமா? மறைக்கலாம் என்றால் எவ்வளவு காலத்துக்கு? இந்தக் கேள்விக்குக் கியூபா நெருக்கடியைப் போல ஆவணங்கள் நிறைந்த சான்று வேறொன்று கிடைப்பது அரிது. ஜனாதிபதி ஜான் கென்னடி தன் ஆலோசனைக் கூட்டங்களை ரகசியமாக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு டோப்ரினின் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்திகளும் வெளிவந்தன. யார் என்ன சொன்னார்கள் என்பதை இன்று இரு பக்கமிருந்தும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

முதலில் கென்னடிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். 27-ஆம் தேதி கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்பவர்கள், அந்த அறையில் சமாதானத்தை நோக்கி மிகவும் சாய்ந்திருந்தவர் ஜனாதிபதியே என்பதை உணர்வார்கள். துருக்கியையும் கியூபாவையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையைக் குருஷ்சேவ் அன்று காலை பகிரங்கமாகவே வைத்துவிட்டார். நடுநிலையில் இருக்கும் எவருக்கும் அது நியாயமான பேரமாகத் தெரியும், அதை மறுத்துவிட்டுப் போருக்குப் போனால் உலகத்துக்கு என்ன பதில் சொல்வோம் என்று கென்னடி திரும்பத் திரும்பக் கேட்டார். ஆலோசகர்களில் பலர் எதிர்த்தார்கள். நட்பு நாடான துருக்கியைக் கைவிட்டதாகும், நேட்டோ கூட்டணி குலையும் என்றார்கள். அன்று மாலை கென்னடி ஒரு சிறு குழுவை மட்டும் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். துருக்கி வாக்குறுதியை வாய்மொழியாகச் சொல்வது, ரகசியமாக வைப்பது என்று அங்கே முடிவானது. அவரையும் சேர்த்து ஒன்பது பேர். துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் இல்லை.

இன்னொரு செய்தியும் அவர் பக்கம் நிற்கிறது. ரகசியப் பேரம் பலிக்காவிட்டால், ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் தானாக முன்வந்து சொல்வதுபோல இந்த மாற்றத்தை அறிவிக்கச் செய்து, அதைப் பகிரங்கமாக ஏற்கவும் கென்னடி ஏற்பாடு செய்திருந்ததாக, அன்று வெளியுறவு அமைச்சராக இருந்த டீன் ரஸ்க் 1987-இல் தெரிவித்தார். கடைசிக் கட்டத்தில் தன் பெயருக்கு வரும் இழுக்கைத் தாங்கிக்கொண்டாவது போரைத் தவிர்க்க ஆயத்தமாக இருந்த மனிதர் அவர். இதை மறந்துவிட்டு அவரை வெறும் விளம்பரப் பிரியராகச் சித்தரிப்பது அநியாயம்.

அன்றிரவு ரகசியம் காத்ததில் குற்றம் காண முடியாது. துருக்கி அரசையோ நேட்டோவின் மற்ற உறுப்பு நாடுகளையோ கலந்து பேசி ஒப்புதல் வாங்க வாரங்கள் பிடித்திருக்கும். கையில் இருந்தவை மணிகள். அந்த வாரத்தின் தொடக்கத்தில் சொன்ன பொய்யும் இந்த வகைதான். அக்டோபர் 20 அன்று சிகாகோவில் தேர்தல் பிரசாரத்தில் இருந்த ஜனாதிபதி சளிக் காய்ச்சல் என்று சொல்லி வாஷிங்டன் திரும்பினார். ஏவுகணைச் செய்தியை மோப்பம் பிடித்திருந்த நியூயார்க் டைம்ஸ் இதழ், அவர் கேட்டுக்கொண்டதால் விவரங்களை நிறுத்தி வைத்தது. ஆனால் 22-ஆம் தேதி மாலை அவரே தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டே நாளில் சொன்னவர் வாயாலேயே முடிந்துபோன பொய் அது.

துருக்கிப் பொய்க்கு அப்படி ஒரு முடிவு வரவில்லை. இங்கிருந்துதான் கணக்கு மாறுகிறது.

அக்டோபர் 28 அன்றே கென்னடி முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரிடம் தொலைபேசியில் பேசினார். துருக்கியை வைத்துப் பேரம் எதற்கும் போகவில்லை என்றே அவரிடமும் சொன்னார். அந்த உரையாடல் ஒலிப்பதிவில் இருக்கிறது. பின்பு குருஷ்சேவ் துருக்கி உடன்பாட்டைக் குறிப்பிட்டு ஒரு ரகசியக் கடிதம் அனுப்பினார். ராபர்ட் கென்னடி அதை டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒரு காகிதம் எப்போதாவது வெளியே வந்தால் தன் அரசியல் எதிர்காலமே கெட்டுவிடும் என்று அவர் காரணம் சொன்னதாக டோப்ரினினின் தந்தி பதிவு செய்கிறது. நேட்டோ, துருக்கி, போர் என்ற காரணங்களோடு சேர்ந்து சொந்த அரசியல் வாழ்வும் நிறுவையில் ஏறிவிட்டது. நவம்பர் 6-இல் நாடாளுமன்றத் தேர்தல் வேறு இருந்தது. கியூபாவில் சோவியத் ஆயுதங்கள் குவிகின்றன என்று குடியரசுக் கட்சி செனட்டர் கென்னத் கீட்டிங் கோடைக்காலம் முதலே குரல் கொடுத்துவந்தார். நாட்டு நலன் எங்கே முடிகிறது, கட்சி நலன் எங்கே தொடங்குகிறது என்று அந்த ஒன்பது பேருக்கே பிரித்துப் பார்க்க முடிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

1963-இன் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவும் வெளியுறவு அமைச்சர் ரஸ்க்கும் நாடாளுமன்றக் குழுக்கள் முன் தோன்றி, துருக்கி ஏவுகணைகளுக்கும் கியூபாவுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை என்று சாட்சி சொன்னார்கள். நெருக்கடி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை வகுத்திருந்த முற்றுகைக் கோட்டை நோக்கி எந்தக் கப்பலும் வந்துகொண்டிருக்கவில்லை. கேள்வி கேட்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள். ஆட்சியாளரைக் கேள்வி கேட்கவே அமைந்த சபை அது. அங்கே போய் இல்லை என்று சொன்னது, போரைத் தவிர்க்க ஒரு தூதரிடம் ரகசியம் கேட்டதோடு ஒரே தட்டில் வைக்கத் தக்கதன்று.

வாய்மையைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று இடம் தருகிறார். அரசியல்வாதிகள் இந்த அனுமதியை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு வரும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். ஒருவருடைய பெயரைக் காக்க இன்னொருவருடைய பெயரைக் கெடுக்கும் நன்மை அந்த வாயிலில் நுழைய முடியாது.

பெயர் கெட்டவர் அட்லாய் ஸ்டீவன்சன். இரண்டு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர், அப்போது ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர். 1961 ஏப்ரலில், கியூபாவின் விமானத் தளங்களைக் குண்டுவீசித் தாக்கியவர்கள் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை விட்டு ஓடிவந்த விமானிகள் என்று ஒரு புகைப்படத்தைக் காட்டி உலக அரங்கில் வாதாடினார். அது சி.ஐ.ஏ. ஜோடித்த கதை. சொந்த அரசே தன்னை ஏமாற்றியிருக்கிறது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு பதவியில் நீடித்தார். ஏவுகணை நெருக்கடியில், அக்டோபர் 20 கூட்டத்தில், பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரவும் துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று துணிந்து சொன்னார். கோபக்காரர்கள் நிறைந்த அறையில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 25-ஆம் தேதி பாதுகாப்பு சபையில் சோவியத் தூதர் சோரினை நேருக்கு நேர் மடக்கி ஏவுகணைகளின் படங்களை விரித்துக் காட்டியதும் இதே ஸ்டீவன்சன்தான்.

டிசம்பரில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் நெருக்கடியின் உள்கதையாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஸ்டூவர்ட் ஆல்சாப், சார்லஸ் பார்ட்லெட். பார்ட்லெட் ஜனாதிபதியின் நெருங்கிய நண்பர். இமை கொட்டாமல் நின்றவர்கள் அமெரிக்கர்கள், இமைத்தவர்கள் சோவியத்துகள் என்ற புகழ்பெற்ற சித்திரம் நாடு முழுவதும் பரவியது அக்கட்டுரை வழியாகத்தான். அதே கட்டுரையில் பெயர் சொல்லாத அதிகாரி ஒருவர், 1938-இல் மியூனிக்கில் ஹிட்லரிடம் பணிந்ததைப் போன்ற ஒன்றை ஸ்டீவன்சன் விரும்பினார் என்று குற்றம் சாட்டியிருந்தார். அந்தத் தலைமுறை அமெரிக்கருக்கு இதைவிடக் கொடிய வசை இல்லை.

ஸ்டீவன்சன் சொன்னதைத்தான் ஜனாதிபதி ரகசியமாகச் செய்து முடித்திருந்தார். வெள்ளை மாளிகை ஸ்டீவன்சனுக்கு ஆதரவாகப் பேசியது உண்மை. அவர் சொன்ன யோசனையே நாட்டைக் காத்தது என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டும் அது சொல்லவில்லை. சொன்னால் சித்திரம் கலைந்துவிடும். அறிவுரை கூறியவர் கோழையானார். அதன்படி நடந்தவர் வீரரானார். ஒரு தலைவரின் பொதுத்தோற்றத்தைக் கட்டும் வேலையில் மிக இழிவான கட்டம் இதுதான்.

இழப்பு ஸ்டீவன்சனோடு நிற்கவில்லை. தன் மண்ணிலிருந்த ஆயுதங்கள் எந்தப் பேரத்தில் போயின என்பது துருக்கிக்குச் சொல்லப்படவில்லை. அவை பழையவை, அவற்றின் இடத்தில் மத்தியதரைக்கடலில் பொலாரிஸ் நீர்மூழ்கிகள் நிற்கும் என்ற விளக்கமே கிடைத்தது. 1963 ஏப்ரலுக்குள் அவை அகற்றப்பட்டன. குருஷ்சேவ் தன் பங்குக்கு ரகசியத்தைக் காத்தார். கியூபாவில் தோற்றுத் திரும்பியவர் என்ற பெயர் அவர் தலையில் விழுந்தது. 1964 அக்டோபரில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது அடுக்கப்பட்ட குறைகளில் கியூபாவும் ஒன்று. எதிராளியின் மௌனத்தில் அல்லவா கென்னடியின் வெற்றி நின்றது?

ஜான்சனை எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ரகசியம் அறிந்த ரஸ்க், மெக்னமாரா, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி மூவருமே கென்னடிக்குப் பிறகு அவருடைய அவையில் தொடர்ந்தார்கள். துருக்கி உடன்பாட்டை அவர்கள் அவரிடம் சொன்னதாகப் பதிவு இல்லை. பலத்தைக் காட்டினால் எதிரி பணிவான் என்ற பாடத்தோடு அவர் வியட்நாமில் இறங்கினார். போருக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகிவிடும். ஆயினும் 1962-இல் போரைத் தவிர்த்தது விட்டுக்கொடுத்தல்தான் என்று தெரிந்த ஒரு ஜனாதிபதி முடிவெடுப்பதும், தெரியாத ஒருவர் முடிவெடுப்பதும் ஒன்றல்ல. பொய்யான வரலாறு பள்ளிப் புத்தகத்தோடு நிற்பதில்லை. அடுத்து வரும் ஆட்சியாளரின் மேசைக்கும் அதுவே ஆலோசனையாக வந்துசேர்கிறது.

பென்டகனின் செய்தித்துறைப் பொறுப்பாளர் ஆர்தர் சில்வெஸ்டர் அதே 1962 டிசம்பரில், அணுப்போர் எதிர்நிற்கையில் தன்னைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு என்ற பொருளில் பேசினார். பத்திரிகைகள் கொதித்தன. அவர் சொன்னதில் ஒரு பாதிக்கு நியாயம் உண்டு. தன்னைக் காப்பது என்றால் நாட்டைக் காப்பதா, நாட்டை ஆள்பவரின் முகத்தைக் காப்பதா என்பதை அவர் பிரித்துச் சொல்லவில்லை. அந்த இரண்டும் ஒன்றே என்று நம்புவது அதிகாரத்தின் பக்கத்தில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு நேரும் பழக்கம்.

1969-இல், ராபர்ட் கென்னடி கொலையுண்ட மறு ஆண்டு, அவர் எழுதிய பதின்மூன்று நாள் நினைவுகள் நூலாயின. அதைப் பதிப்புக்கு ஆயத்தம் செய்தவர் அண்ணனின் உரைகளை எழுதிக் கொடுத்த தியோடர் சோரன்சன். துருக்கி வாக்குறுதி உடன்பாட்டின் ஒரு பகுதியே என்பதைத் தெளிவாகக் காட்டும் இடங்களைத் தாமே நீக்கியதாக 1989-இல் மாஸ்கோவில் நடந்த கருத்தரங்கில் சோரன்சன் ஒப்புக்கொண்டார். இறந்தவரின் குறிப்பேட்டைத் திருத்திய அந்தக் கையை எந்த அணுகுண்டும் நிர்ப்பந்திக்கவில்லை. பண்டி இன்னும் நேர்மையாக, 1988-இல் வெளிவந்த தன் நூலில், சக பணியாளர், நாட்டு மக்கள், நட்பு நாடுகள், பின்வந்த ஆட்சியாளர் ஆகிய எல்லோரையும் தாங்கள் தவறாக எண்ண வைத்ததை ஏற்றுக்கொண்டார். அந்த ஒப்புதலை மதிக்க வேண்டும். அது வந்த காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செய்யக்கூடிய வேறு வழி இருந்தது. துருக்கியில் கடைசி ஜூபிட்டர் இறக்கப்பட்ட பிறகு, நாடாளுமன்றக் குழுவின் மூடிய அமர்வில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 1963 நவம்பரில் ஜான்சன் பதவியேற்றதும் அவரிடம் சொல்லியே இருக்க வேண்டும். ஸ்டீவன்சன் மீது வசை பாய்ந்தபோது அந்த யோசனை இழிவானதன்று என்றாவது ஜனாதிபதி தன் வாயால் கூறியிருக்கலாம். இவற்றில் எதுவும் போரைக் கொண்டுவந்திருக்காது. சில முகங்களின் பொலிவு குறைந்திருக்கும், அவ்வளவே.

அக்டோபர் 27 இரவு டோப்ரினினிடம் கேட்ட ரகசியம் அறத்துக்கு உட்பட்டது. 1963-இல் நாடாளுமன்றத்தில் சொன்ன பொய்ச்சாட்சி அறத்துக்குப் புறம்பானது. ஸ்டீவன்சனுக்கு இழைத்தது அதனினும் கொடியது. அவர் 1965 ஜூலையில் லண்டன் தெருவில் நடந்து செல்கையில் மாரடைப்பால் சரிந்து இறந்தார். அந்த ஒன்பது பேரில் அறுவர் டைம் இதழ் வழியாக உண்மையை ஒப்புக்கொண்டபோது அவர் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.