மொழி வகுப்பும் தராசுத் தட்டும்

 

கல்வியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மதரஸாவில் ஓதியதும், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததுமே என் கல்வி. ஆனால் பினாங்குக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளாகச் சரக்கு வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன். இன்று எழுத வந்ததும் ஒரு சரக்கைப் பற்றித்தான். பணம் கொடுத்து வாங்கும் மொழிதான் அந்தச் சரக்கு.

என் கடையில் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் வேலை செய்கிறான். பெர்மிட்டில் வந்தவன். மலாய் தெரியாமல் தடுமாறினானே என்று, நகரில் நடந்த ஒரு மொழி வகுப்பில் நானே பணம் கட்டிச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் போனான். முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றும் வாங்கி வந்தான். அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தேன். என் கடமை முடிந்தது என்று எனக்கு ஒரு திருப்தி.

பிறகு ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம். "நீதான் படித்திருக்கிறாயே, தனியாகப் போய் வா" என்று அனுப்பினேன். மருந்து கொடுக்குமுன் அங்கே அவனைக் கேட்டிருக்கிறார்கள், "அடா அலாஹான் ஊபாட்?" என்று. மருந்து எதுவும் உடம்புக்கு ஒவ்வாதா என்று அதற்குப் பொருள். ஊபாட் என்றால் மருந்து என்பது அவனுக்குத் தெரியும்; மற்றது தெரியாது. "தாக் அடா" என்று சொல்லிவிட்டான். இல்லை என்று பொருள். சிறு வயதில் ஒரு மருந்தால் உடம்பெல்லாம் தடித்து, அதை இனித் தொடக்கூடாது என்று ஊர் டாக்டர் சொல்லியிருந்தும் இல்லை என்றான். அன்று இரவு முகம் வீங்கி, மூச்சு வாங்க, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டேன். "காக்கா, வகுப்பில் கேள்விக்குப் பதில் மனப்பாடமாகச் சொன்னால் சரி என்பார்கள். தெரியாத கேள்வி வந்தால் என்ன சொல்வதென்று ஒருவரும் சொல்லித் தரவில்லையே" என்றான். "அப்பா காபார்" என்று கேட்டால் "காபார் பாய்க்" என்று அழகாகச் சொல்வான். ஆனால் "எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் குற்றம் யாருடையது? மருந்து கொடுத்தவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். தம்பி தெரிந்ததைச் சொன்னான். மிஞ்சுவது இரண்டு பேர். ஒருவர் பாடம் விற்றவர், மற்றவன் அதை வாங்கிக் கொடுத்த நான்.

சகோதரர்களே! மற்றச் சரக்குக்கும் இந்தச் சரக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அரிசி வாங்குகிறவனுக்கு அரிசியைத் தெரியும். மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, கடித்துப் பார்ப்பான். மொழி வகுப்புக்குப் போகிறவனுக்கோ அந்த மொழி தெரியாது, தெரியாததனால்தான் போகிறான். தான் பெற்றது முழுப்படியா, அரைப்படியா என்று அளந்து பார்க்க அவனிடம் படியே இல்லை. ஆகவே நிறுவை முழுவதும் விற்பவன் கையில் இருக்கிறது. எங்கே வாங்குபவனுக்கு அளக்கத் தெரியாதோ, அங்கேதான் விற்பவனுடைய அமானிதம் மிகப் பெரிதாகிறது. அளவையில் குறைப்போரின் பெயரால் குர்ஆன் ஷரீபில் ஒரு சூராவே இருப்பதை, எண்பத்து மூன்றாவது சூராவை, நாமெல்லாம் ஓதியிருக்கிறோம். அது படிக்கும் தராசுக்கும் மட்டுந்தான், பாடத்துக்கு இல்லை என்று எண்ணிவிட முடியுமா?

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதற்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. சான்றிதழ் என்பது குவியலின் மேற்புறம். என் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தது அதுதான். உள்ளே நான் கையை விட்டுப் பார்க்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றும் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு பள்ளிவாசல் வாயிலில் ஜாவி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. மதரஸாவில் அரபுத் தமிழ் படித்தவனுக்கு ஜாவி அந்நியமல்ல. நாம் தமிழுக்காக அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டதுபோல், மலாய்க்காரர்களும் ச, ங, ப போன்ற ஒலிகளுக்குக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டுத் தடுமாறியேனும் உரக்கப் படித்து முடித்தேன். கூட வந்தவர் மகிழ்ந்துபோய், "இவனுக்கு மலாய் வந்துவிட்டது" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். செருப்போடு இதைத் தாண்டி வராதீர்கள் என்பதே அந்த அறிவிப்பு. நான் செருப்போடு அதைத் தாண்டி நின்றுகொண்டு படித்திருக்கிறேன்! எழுத்து வேறு, பொருள் வேறு. வாயில் வருவதெல்லாம் மனத்தில் இருப்பதாக எண்ணக்கூடாது.

நல்ல ஆசிரியர் யார் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்வை மலாய் இலக்கியம் போற்றுகிறது. அவருடைய முன்னோர் ஓர் அரபியர், நம் நாகூரில் வந்து தங்கி அங்கே மணம் முடித்தவர். வெளியூரிலிருந்து வந்த சிப்பாய்களுக்கும் ஆங்கிலப் பாதிரிமாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தே அவர் முன்ஷி ஆனார். தாம்சன் என்ற பாதிரி மலாய்ச் சொற்களை ஆங்கில வாக்கியம்போல் அடுக்கி எழுதியபோது, இது மலாய் நடையல்ல என்று அப்துல்லாஹ் நேருக்கு நேர் வாதாடினார். கூலி கொடுப்பவர் அவர், வாங்குபவர் இவர். ஆயினும் தவறைத் தவறு என்றார். இதுவே ஆசிரியருடைய நிறுவை. மாணவன் முகம் கோணாமல் இருக்க எல்லாவற்றுக்கும் சரி என்பவர் தராசில் விரலை வைக்கிறார்.

நிற்க. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. ஆஸ்திரேலியா 1948இல் குடியேறி வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. நெடுங்காலம் ஆளுக்கு 510 மணி நேரம் என்று அளவு வைத்திருந்தார்கள். அது எல்லோருக்கும் போதவில்லை என்று கண்டு 2021இல் அந்த வரம்பை நீக்கினார்கள். ஜெர்மனியில் 2005இலிருந்து நடக்கும் வகுப்பில் பொதுவாக 600 பாட நேரம் மொழிக்கு. முடிவில் பேசவும் எழுதவும் பரீட்சை உண்டு. மணிக்கணக்கு வேண்டியதுதான். ஆனால் மணி என்பது மூட்டையின் எண்ணிக்கை, சரக்கின் தரமன்று.

பதில் நம் வரலாற்றிலேயே ஓரளவு இருக்கிறது. 624இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள், பணமில்லாத ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஆளுக்குப் பத்துச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிப்பதே மீட்புப் பணமாக வைக்கப்பட்டது. இத்தனை நாள் பாடம் நடத்தினால் விடுதலை என்றில்லை. பிள்ளைகள் தேர்ந்தால்தான் விடுதலை என்று இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். கற்றவனைக் கொண்டே கற்பித்தவனுடைய கணக்குத் தீர்ந்தது.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. இங்கிலாந்தில் 1862இலிருந்து, பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். நடந்தது என்ன? பரீட்சைக்கு வரும் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்விக்கலானார்கள். 1890களில் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. ஆகவே முன்கூட்டித் தெரிந்த கேள்வியைக் கேட்பது சோதனையாகாது. பாடம் விற்றவரே சோதிப்பதும் சோதனையாகாது.

"நாமெல்லாம் வகுப்புக்குப் போயா படித்தோம்? கல்லாவில் நின்று படிக்கவில்லையா?" என்பார்கள் சிலர். உண்மைதான். கல்லா விலையைக் கற்றுத்தரும், வணக்கத்தைக் கற்றுத்தரும். ஆஸ்பத்திரியையும் போலீஸ் நிலையத்தையும் ஒப்பந்தத் தாளையும் அது கற்றுத்தராது. இந்த நாட்டின் அரசியல் சட்டம் 152ஆம் பிரிவில் மலாயைத் தேசிய மொழியாக்கியிருக்கிறது. 19ஆம் பிரிவின்படி குடியுரிமை கோரும் அந்நியருக்குப் போதிய மலாய் அறிவு வேண்டும். பெர்மிட்டில் வந்த தம்பிக்கு அதெல்லாம் எட்டாத தூரம். ஆனால் கூலிச் சீட்டைப் படிக்கவும், வலி எங்கே என்று சொல்லவும் அவனுக்கு இன்றைக்கே மொழி வேண்டும். நாம் கல்லாவில் தப்பும் தவறுமாகப் படித்த காலத்தில் நமக்கு நஷ்டம் சில வெள்ளிக் காசு. அவனுக்கு நஷ்டம் உயிராக இருந்திருக்கும்.

ஐந்தாம் வகுப்புக்காரன் ஆசிரியரை எடைபோட முடியுமா? முடியும். அரிசியைக் கடித்துப் பார்க்க நெல் விதைத்தவனாக இருக்க வேண்டியதில்லை. பணம் கட்டுமுன் ஒருநாள் வகுப்பின் பின்வரிசையில் உட்காருங்கள். ஆசிரியர் அதிகம் பேசுகிறாரா, படிப்பவர்கள் அதிகம் பேசுகிறார்களா என்று பாருங்கள். ரோமன் எழுத்தே அறியாதவனையும் பத்தாவது படித்தவனையும் ஒரே பெஞ்சில் வைத்து ஒரே பாடம் நடத்தினால் ஒருவன் தூங்குவான், மற்றவன் திகைப்பான். மாதம் ஒருமுறை, பக்கத்துக் கடை மலாய்க்கார நண்பரைக் கூப்பிட்டு, ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்துத் தம்பியோடு பேசச் சொல்லுங்கள். அதுவே குவியலுக்குள் கை விடுவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தட்டையும் பார்க்க வேண்டும். நான் தம்பியை வகுப்புக்கு அனுப்பியது இரவு ஒன்பது மணிக்குமேல். பதினொரு மணி நேரம் நின்று வேலை செய்தவன் அங்கே போய் என்ன படித்திருப்பான்? பணத்தை நான் நிறைவாகக் கொடுத்தேன். நேரத்தை அரைப்படியாகக் கொடுத்தேன். பாடம் விற்றவரை மட்டும் குறைநிறுவைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழுதான சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த மூன்று மாதத்தை எங்கே திருப்பிக் கொடுப்பது? இப்போது தம்பி வேறோர் ஆசிரியரிடம் மாலை மூன்று மணிக்குப் போகிறான். அந்த நேரத்தில் கல்லாவில் நான் நிற்கிறேன். முதல் பாடமாக எதைக் கற்றான் தெரியுமா? "எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதைத்தான். சான்றிதழைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில், அவனுக்கு ஆகாத மருந்தின் பெயரை அவனே மலாயில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான்.

வஸ்ஸலாம்.