மறுபடி பெறுதல்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் 1989ஆம் ஆண்டில் உருவான டீனேஜ் ஃபேன்கிளப் என்னும் கிட்டார் இசைக்குழு, 2010இல் 'ஷேடோஸ்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டபோது அதன் நெடுநாள் ரசிகர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். வேகம் தணிந்து, கிட்டார்களின் இரைச்சல் அடங்கி, ஓரிடத்தில் பியானோ முன்னிலைக்கு வந்துவிட்ட அத்தொகுப்பை ஒரு சாரார் கனிவு என்று கொண்டாட, மற்றொரு சாரார் அதைக் களைப்பு என்று கருதி வருந்தினர். இதைச் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிட இயலாது. ஒன்று காலத்தில் மாறிக்கொண்டே இருந்தும் தன்னை இழக்காமல் இருப்பது எங்ஙனம் என்ற மெய்யியல் வினா அவ்வருத்தத்தின் அடியில் இருக்கிறது.

அவ்வருத்தத்துக்கு வலுவான காரணம் உண்டு. 1990இல் வந்த முதல் தொகுப்பு முரட்டு ஒலியால் ஆனது. அடுத்த ஆண்டில் வெளியான 'பேண்ட்வேகனெஸ்க்'கிலும், ஒலிபெருக்கியின் ஒலியைக் கிட்டார் தானே திரும்ப வாங்கிச் சுழற்றுவதால் எழும் 'ஃபீட்பேக்' என்னும் நீண்ட ஊளை, இனிய மெட்டுகளோடு மோதிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் 'ஸ்பின்' இதழ் 1991ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாக நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்'டைத் தேர்ந்தெடுக்காமல் இதைத் தேர்ந்தெடுத்தது. அன்று இளைஞராயிருந்து இதைக் கேட்டவர்களுக்கு இக்குழுவின் பெயரும் தம் இருபதாம் வயதும் பிரிக்க முடியாதவையாக ஆகிவிட்டன.

டென்மார்க்கின் மெய்யியலாளர் சோரன் கீர்க்ககார்ட், கான்ஸ்டான்டின் கான்ஸ்டான்டியஸ் என்னும் புனைபெயரில் 1843இல் எழுதிய 'மறுநிகழ்வு' என்ற நூல் இந்த நிலையை மிக நுட்பமாக ஆராய்கிறது. வாழ்ந்த ஒன்றைப் பின்னோக்கி மீட்பதை 'நினைவுகூர்தல்' என்றும், அதையே முன்னோக்கி மீண்டும் பெறுவதை 'மறுநிகழ்வு' என்றும் அந்நூல் வகுக்கிறது. மறுநிகழ்வு சாத்தியமா என்று சோதித்துப் பார்க்க, நூலின் கதைசொல்லி தான் முன்பு மகிழ்ந்திருந்த பெர்லினுக்கே மீண்டும் செல்கிறான். முன்பு தங்கியிருந்த அதே வீட்டை நாடுகிறான். அங்கே வீட்டுக்காரருக்குத் திருமணமாகிவிட்டதால் அறைகள் பழையபடி கிடைப்பதில்லை. முன்பு வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த நாடக அரங்கில் இப்போது தனித்த இருக்கையும் இல்லை, சிரிப்பும் இல்லை. மறுநிகழ்வு என்பதே கிடையாது என்ற கசப்போடு அவன் ஊர் திரும்புகிறான். அவனுடைய பிழை நகரத்தைப் பற்றியது அல்ல. தனக்குள் நிகழ வேண்டியதை வெளியிலுள்ள பொருள்களின் ஒழுங்கிலிருந்து அவன் எதிர்பார்த்தான். பொருள்களும் அவ்வொழுங்கைக் காத்து வைத்திருக்கவில்லை.

'ஷேடோஸ்' தொகுப்பில் 1991ஐத் தேடிய ரசிகரும் இத்தகைய பயணியே. இதற்குச் சான்று 'பேண்ட்வேகனெஸ்க்' இசைத்தட்டிலேயே கிடைக்கிறது. அந்தத் தட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை, அதே ஊளையும் அதே வேகமும் அப்படியே பதிந்திருக்கின்றன. ஆயினும் அதை இன்று சுழலவிட்டால் அன்றைய வயது திரும்புவதில்லை. முற்றிலும் மாறாத ஒன்றாலேயே மீட்டுத்தர முடியாத ஒன்றை, இருபதாண்டுகள் வாழ்ந்து முதிர்ந்த மனிதர்கள் சத்தத்தைக் கூட்டி மீட்டுத்தந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்கள்மீது சுமத்தத் தகாத கடன்.

இரைச்சல் தணிந்தபோது ஆபத்துணர்வு ஒன்று உண்மையாகவே இழக்கப்பட்டது என்பதையும் மறுக்கலாகாது. எனினும் அந்த இழப்பால் குழு தன்னையே இழந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. பிரெஞ்சு மெய்யியலாளர் பால் ரிக்கர் 1990இல் வெளியான தம் நூலில் இலத்தீன் சொற்கள் இரண்டைக் கொண்டு ஒரு பாகுபாட்டைச் செய்தார். 'ஐடெம்' என்பது பண்புகள் மாறாமல் நீடிப்பதால் ஒன்று அதுவே என அடையாளம் காணப்படும் நிலை; 'இப்ஸே' என்பது விருப்பமும் இயல்பும் மாறிய பின்னும் கொடுத்த வாக்கில் நிற்பதால் ஒருவர் தாமாகவே இருக்கும் நிலை. களைப்பு என்று குறைகூறியவர்கள் முதல் அளவுகோலை மட்டுமே கையிலெடுத்தார்கள். இக்குழு தந்த வாக்கு எது என்று இரண்டாம் அளவுகோலால் பார்த்தால், நார்மன் பிளேக், ரேமண்ட் மெக்கின்லி, ஜெரார்ட் லவ் ஆகிய மூவரும் தனித்தனியே எழுதிய பாடல்களை ஒன்றிணைந்த குரல்களால் பொதுச்சொத்தாக்குவதும், மெட்டையே மையமாகக் கொள்வதும்தான் அந்த வாக்கு. 'ஷேடோஸ்' தொகுப்பின் 12 பாடல்களில் ஆளுக்கு நான்கு எழுதிய அம்மூவரும் அவ்வாக்கைக் காத்தார்கள். கத்தோலிக்கக் கல்வி என்று பொருள்படும் தலைப்பிட்ட முதல் தொகுப்போடு தொடங்கிய குழு, சில வேளைகளில் எதையும் நம்பத் தேவையில்லை என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட பாடலோடு இத்தொகுப்பைத் திறக்கும்போது, அதிலுள்ள அமைதியைக் களைப்பு என்பது பொருந்தாது.

கீர்க்ககார்டின் நூல் கசப்போடு முடிந்துவிடுவதில்லை. அதில் வரும் மற்றொரு பாத்திரமான இளைஞன் விவிலியத்தின் யோபுவிடம் அடைக்கலம் புகுகிறான். எல்லாவற்றையும் இழந்து, இழப்பை மறைக்காமல் இறைவனோடு வழக்காடிய யோபுவுக்கு இழந்தவை மீண்டும் வந்தன. ஆடு 7,000 இருந்தவனுக்கு 14,000, ஒட்டகம் 3,000 இருந்தவனுக்கு 6,000. மீண்டும் பெறுதல் என்பது பற்றிக்கொண்டிருப்பவனுக்கு அன்றி, கைவிட்டுப்போனதைப் போனதாகவே அறிந்தவனுக்கு அருளப்படுவது என்ற சமயப் பொருள் இங்கே வெளிப்படுகிறது. பழைய சத்தத்தின் மீதான உரிமைக்கோரிக்கையை விட்டுவிட்ட காதுக்கே, முன்பு ஊளையின் அடியில் பாதி புதைந்திருந்த அந்த மெட்டுணர்வு இத்தொகுப்பில் முழுமையாக மீண்டும் கிடைக்கிறது.

ஆனால் யோபுவின் பிள்ளைகள் இரட்டிப்பாகத் தரப்படவில்லை. முன்பு இருந்தது போலவே ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள்; இறந்தவர்கள் திரும்பவில்லை. மனித உயிர் அவ்வாறு இரட்டிக்கத் தக்கதல்ல என்பதை அந்த இளைஞனே கவனிக்கிறான். இக்குழுவுக்கும் அத்தகைய ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று நேர்ந்தது: 2018இல் ஜெரார்ட் லவ் குழுவை விட்டு விலகினார். அவர் இன்றி 2021இல் 'எண்ட்லெஸ் ஆர்கேட்' என்ற தொகுப்பு வந்தபோது ரசிகர்களின் மனக்குறை வேறு தன்மை கொண்டதாயிற்று. வேகமும் இரைச்சலும் குறைந்ததைச் சொல்லி 2010இல் எழுந்த முறையீடு தவறான இடத்தில் வைக்கப்பட்டது. மூவரின் குரலாக இருந்த வாக்கு இருவரின் குரலாகச் சுருங்கியதைப் பற்றிய 2021இன் முறையீடோ ரிக்கரின் இரண்டாம் அளவுகோலாலேயே நியாயம் பெறுகிறது.