ட்ரீ ஃபேஸ்

போன வருஷம் ஒரு நேர்காணல் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். வந்த பெண் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பிறகு என்னைப் போலவே உள்ளூர்ப் பல்கலைக்கழகம். மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்று கேட்டேன். ஓடத் தொடங்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்க, என்று படம் போட்டே விளக்கினார். பிழையே இல்லை. ஆனால் 'த்ரீ ஃபேஸ்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ட்ரீ ஃபேஸ்' என்றார். தொடர்புத்திறன் கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மாதாந்திர இணையச் சந்திப்பு. அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து ஒரு பொறியாளர் பேசுவார். முப்பத்து மூன்று அவர் வாயில் கிட்டத்தட்ட 'டர்ட்டி ட்ரீ' ஆகிவிடும். அயர்லாந்தில் பலருக்கும் அப்படித்தான். என்ன அழகான ஆக்சன்ட் லா என்று ரசிப்போம். அன்றும் சொன்னார். எனக்குத்தான் ரசிக்க முடியவில்லை.

1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நான்காம் மாடியிலிருக்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளர்களைக் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலில் 'ர்' ஒலிக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியது. விலை கூடிய சாக்ஸ் கடையில் அது அதிகம் ஒலித்தது. மலிவான க்ளைன் கடையில் மிகக் குறைவு. லண்டனிலோ கதை தலைகீழ். அங்கே 'ர்'ரை விழுங்குவதுதான் உயர்ந்த பேச்சு. ஒரே ஒலிதான். கடலைத் தாண்டினால் விலை மாறிவிடுகிறது.

கேட்பவருக்குப் புரிய வேண்டாமா? வேண்டும்தான். தளத்தில் 'தர்ட்டீன்' 'தர்ட்டி'யாகக் கேட்டால் ஆபத்து. அதற்கு மதிப்பெண் குறைக்கலாம். ஆனால் அந்தப் பெண் பேசியதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. மின்சுற்றைப் பற்றிப் பேசும்போது 'ட்ரீ' என்றதும் மரம் ஞாபகத்துக்கு வந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படியென்றால் அந்த இரண்டு எதற்கு?

முதலாமாண்டில் நானும் 'ட்ரீ'தான். வகுப்பில் ஒருமுறை எல்லோரும் சிரித்த பிறகு, விடுதிக் கண்ணாடி முன் நின்று நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துப் பழகினேன். வீட்டில் அம்மாவிடம் பேசும்போது இன்றும் அது நழுவிவிடும். மேசையிலிருந்த மற்ற இருவரும் அவருக்கு நான்கு போட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு தெரிந்தவன் நான் மட்டும்தான், இரண்டு போட்டவனும் நான்தான்.

மறுநாள் படிவத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. வேறொருவரை எடுத்தார்கள். நல்ல பையன், வேலையும் தெரிந்தவன். 'த்ரீ' என்று சுத்தமாகச் சொல்கிறான்.