தனுஷ்கோடிக்குப் போன கோடு

சீடன்: ஐயா, மென்பொருளை முதலில் கிராஃப் படமாக வரைந்து, அந்தப் படத்தை விதிகளால் மாற்றி மாற்றி நிரலாக்குகிறார்கள் என்றீர்கள். மாற்ற விதி எதற்கு? அழித்துவிட்டு வேறு வரையலாமே.

குரு: அழிப்பதில்தான் சிக்கல் தம்பி. நம் பாம்பன் தீவையும் அக்கம்பக்கத்தையும் படமாகப் போடு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தலைமன்னார் எல்லாம் கணுக்கள். 1914 இல் திறந்த பாம்பன் பாலம் ஒரு கோடு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத் தண்டவாளம், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இவையும் கோடுகள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியை எடுத்துவிட்டது. அதைத் தொட்ட கோடுகள்?

சீடன்: ஒரு முனை இல்லாமல் தொங்கும்.

குரு: தொங்கினால் அது கிராஃபே இல்லை. 1973 இல் எஹ்ரிக், ஃபெண்டர், ஷ்னைடர் மூவரும் வகுத்த முறையில், கோடு தொங்குமானால் அந்த விதி அங்கே செல்லாது. கோடுகளையும் விதியே சொல்லி நீக்க வேண்டும். பின்னாளில் லோவே வகுத்த முறையோ, கணு போனால் தொட்ட கோடுகளையும் சேர்த்தே போக்கிவிடும்.

சீடன்: புயல் செய்தது இரண்டாவது.

குரு: ஆமாம். போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் ஆட்களோடு கொண்டுபோயிற்று. அதனால்தான் முதல் முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து ஒரு நோயாளியை நீக்கப் போனால், அவருடைய மருந்துச் சீட்டு என்ன ஆகும் என்று அது முதலில் கேட்கும்.

சீடன்: பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனதே?

குரு: அது வேறு விதி. விதியின் இடப்பக்கப் படத்தில், மாற்றத்துக்கு முன், ராமேஸ்வரமும் தலைமன்னாரும் தனித்தனியே. வலப்பக்கப் படத்தில், மாற்றத்துக்குப் பின், அவற்றுக்கிடையே ஒரு கோடு. நடுவில் மூன்றாவது படம் ஒன்று உண்டு: இரண்டிலும் மாறாமல் இருப்பது.

சீடன்: மாற்றத்தைச் சொல்லும் விதியில் மாறாததை ஏன் எழுத வேண்டும்?

குரு: எழுதாவிட்டால் ராமேஸ்வரத்தை நீக்கி, அதே பெயரில் இன்னொரு கணுவைப் போடச் சொன்னதாகிவிடும். முதல் முறையில் பாம்பனிலிருந்து வரும் கோடு தொங்குவதால் விதியே செல்லாது; இரண்டாவது முறையில் அந்தப் புதுக் கணுவுக்குப் பாம்பனிலிருந்து ரயில் வராது.

சீடன்: பெயர் ஒன்றுதானே?

குரு: பெயர் போதாது. நடுப்படத்தில் தங்கியிருந்தால்தான் பழைய உறவுகளோடு அதே ராமேஸ்வரம்.

சீடன்: 2025 இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தை எப்படிச் சேர்ப்பது?

குரு: பாலத்தைக் கோடாக வரைந்திருந்தால் பழையது நீங்கி, புதியது சேரும், எளிது. கணுவாக வரைந்திருந்தால் தூண், தூக்குப் பகுதி, சிக்னல் என்று தொட்ட எல்லாவற்றுக்கும் விதி பதில் சொல்ல வேண்டும். எப்படி வரைவது என்று கணிதம் சொல்லாது. நீதான் தீர்மானிக்க வேண்டும்.

சீடன்: கணுவாகவே எடுக்கிறேன் ஐயா.

குரு: சரி, அதைத் தொடும் கோடுகளை எழுது. சிக்னலில் தொடங்கு.