மூத்தோருக்குக் கற்பிப்பவர்

செம்பூர் சேடா நகரிலுள்ள முருகன் கோயிலுக்குப் படியேறிச் செல்லும் அன்பர்கள் சுவாமிமலைத் தல வரலாற்றை அறிவார்கள். பிள்ளை பிரணவத்தின் பொருளை உபதேசிக்க, தந்தையாகிய சிவபெருமான் பணிவுடன் செவிசாய்த்தார். மாணவனுக்குரிய பணிவை விளக்கவே இக்கதையைப் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். கற்பிப்பவரின் பக்கம் நின்று இதனைச் சிந்தித்தோமா? தம்மினும் மூத்தவருக்குக் கற்பிப்பவர் எத்தகைய மனநிலையில் அப்பணியை ஏற்க வேண்டும்?

இன்று இது நம் அனைவருக்கும் உரிய கேள்வி. 1978 அக்டோபர் 2 அன்று நம் நாட்டில் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமோ, 15 வயதைக் கடந்தோருக்குக் கற்பிக்கத் தன்னார்வலர்களையே நம்பியிருக்கிறது. நம்மில் எவரும் நாளை ஆசிரியராகலாம். அதற்கான பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்?

செம்பூரை அடுத்த டிராம்பேயில் சீட்டா கேம்ப் இருக்கிறது. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேறிய இடம் அது. தமிழர் பலர் அங்கு வாழ்கின்றனர். அங்கே அறுபதை நெருங்கும் ஒரு தாய் எழுத்துக் கற்க வருவதாக எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் ‘அ’ எழுதிய அட்டையுடன் காத்திருக்கிறார். அந்தத் தாய்க்கோ, பேருந்தின் முகப்பில் தேவநாகரியில் உள்ள எண்ணைப் பிறரைக் கேளாமல் படிக்க வேண்டும். எதில் தொடங்குவது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, முதலில் மக்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்தே பாடத்தை அமைத்தார். 1963-இல் ஆஞ்சிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு அம்முறையில் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டப்பட்டது. 1991-இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கேட்பதே கற்பிப்பவரின் முதற்பாடம் என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆயினும் இங்கு ஒரு நுண்ணிய தவறு நேரக்கூடும். முதியவரின் மனம் புண்படும் என்றஞ்சி அவர் பிழைகளைத் திருத்தாமல் பாராட்டிக்கொண்டே இருப்பது மரியாதையா? அன்று, அவரால் இயலாது என்று நாமே தீர்ப்பளித்துவிடுகிறோம். பலர் முன்னிலையில் பிழையைச் சுட்டி நாணச் செய்தால் அவர் மறுநாள் வரமாட்டார். பிழையை மறைத்தால், வந்தும் பயனில்லை. அருகமர்ந்து, தாழ்ந்த குரலில், ஆனால் தெளிவாகத் திருத்துவதே அன்பு. எந்தக் கையேட்டைப் படித்திருந்தாலும், நாள்தோறும் தம் அகந்தையைக் கவனித்து வருபவருக்கே இது கைகூடும்.

சுவாமிமலைக் கதையை மீண்டும் நினைவுகூர்வோம். உபதேசம் பெற்றதால் தந்தை சிறியவராகிவிடவில்லை. கேட்பவர் தந்தை என்பதற்காகப் பிள்ளை பொருளைக் குறைத்துக் கூறவும் இல்லை. முதியோர் வகுப்புக்குச் செல்லும் அன்பர் இவ்விரண்டையும் உடன் கொண்டு செல்வாராக.