கிரெடிட் கணக்கில் சேராத ஊழியம்



அமெரிக்க தேசத்து உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. மேல் வகுப்பு மாணவன் ஒருவன் தினமும் ஒரு பாடவேளையைப் பள்ளி அலுவலகத்தில் கழிக்கிறான். தொலைபேசிக்குப் பதில் சொல்லுகிறான், வகுப்புகளுக்குச் சீட்டுக் கொண்டு போகிறான், காகிதங்களை அடுக்குகிறான். இன்னொருவன் புதிதாய் வந்த சிறுவனுக்குத் துணையாக நின்று, கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். இதற்குச் சம்பளமில்லை. ஆனால் படிப்பை முடிக்க வேண்டிய ‘கிரெடிட்’ கணக்கில் இதுவும் சேருகிறது.

“ஊழியத்துக்குக் கூலியா?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டாம். உழைக்கிறவன் கூலிக்குப் பாத்திரவான் என்று நம் ஆண்டவரே திருவுளம்பற்றினார். கிரெடிட் பெறுவது குற்றமல்ல. கிரெடிட்டோடு நின்றுவிடுவதுதான் குறை.

அத்தேசத்தில் வெகு காலமாய் வழங்கும் ஓர் அளவின்படி, ஏறக்குறைய 120 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். மணியை அளந்து விடலாம். மனதை அளக்கும் கோல் எந்தப் பள்ளியில் இருக்கிறது?

அலுவலகத்தில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எவன் பணம் கட்டவில்லை, எவன் தண்டனை பெற்றான், எவன் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவன் காதில் விழுகிறது. மாணவரின் பதிவேடுகளைப் பெற்றோர் சம்மதமின்றிப் பொதுவாக வெளியிடலாகாதென்று 1974-ம் ஆண்டு அங்கே சட்டமே செய்தார்கள். நல்ல சட்டம். ஆயினும் கதவோரம் நிற்பவன் நாவுக்குச் சட்டம் பூட்டுப் போடுமா? அவன் மாலையில் விளையாட்டு மைதானத்தில் வாய் திறந்தால், ஓர் ஏழைப் பிள்ளையின் மானம் போய்விடும். வாய் மூடியிருந்தால் அதற்கு எவரும் கிரெடிட் கொடுப்பதில்லை. ஆனால் அந்தரங்கத்தில் காண்கிற பிதா காண்கிறார்.

துணை மாணவனுக்கோ அர்ச். தோமினிக் சாவியோ நல்ல மாதிரி. இத்தாலி தேசத்துத் தூரின் நகரில், அர்ச். தொன் போஸ்கோவின் இல்லத்தில் படித்த பையன் அவர். ஒரு நாள், நோயிலிருந்து தேறிய புதிய மாணவன் ஒருவன் தூணில் சாய்ந்து, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு தனியே நின்றான். சாவியோ தாமே அவனிடம் போய்ப் பேசினார், சிநேகிதரானார். யாரும் அனுப்பவில்லை, மணியும் அடிக்கவில்லை. 1856-ம் ஆண்டு, 14 வயதில், தோழர்களோடு அமலோற்பவ மாதா சபையைத் தொடங்கினார். உதவி தேவைப்பட்ட மாணவர்களை அச்சபையார் ஆளுக்கொருவராய்க் கவனித்துக் கொண்டார்கள். மறு வருஷமே சாவியோ மரித்தார். 1954-ம் ஆண்டு திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தம் செய்தது.

பிள்ளைகளே! உங்கள் வகுப்பிலும் தூணோரம் ஒருவன் நிற்கிறானல்லவா? ஆசிரியர் பெயர் எழுதிக்கொள்வாரா என்று பாராமல் அவனிடம் போங்கள். வகுப்புத் தலைவன் என்ற பதவி கிடைத்தால், காதில் விழுந்ததைக் கல்லறை போல் காத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே! மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், “எத்தனை மார்க்கு?” என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதோடு, “இன்று யாருக்கு உதவினாய்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளி தரும் சான்றிதழ் பெட்டியில் மங்கிப் போகும். சிறியவன் ஒருவனுக்குக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரும் மோட்சத்தில் பேறுபலனாய் நிற்கும்.

அந்த வரத்தைச் சர்வேசுரன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அளிப்பாராக. ஆமென்.